முகம் இருக்கு, பெயர் இல்லை

புது கமரா வாங்கினதும் வெளிச்சம், ஃபோகஸ், ஷட்டர் எல்லாம் படிச்சோம். இன்னொரு பாடம் எங்க மலையகத்திலேயே இருக்கு.

ஜூலியா மார்கரெட் கேமரனுக்கு முதல் கமரா கிடைத்தது 1863இல், 48 வயதில். மகளும் மருமகனும் கொடுத்த பரிசு. அடுத்த மாதமே ஒரு சிறுமியைப் படம்பிடித்து, தன் முதல் வெற்றி என்று அவள் பெயரோடு எழுதினார்: ஆனி.

1875இல், கணவருக்குக் கோப்பித் தோட்டங்கள் இருந்த இலங்கைக்கு வந்தார். தோட்டத் தமிழரையும் படம்பிடித்தார். ஈரம் காயாத கண்ணாடித் தட்டில் உருவம் பதிய, பல நொடி அசையாம நிக்கணும். அப்படி நின்றவங்க முகம் இன்னும் இருக்கு, பெயர் இல்லை. 1879இல் இறந்த கேமரனின் பெயர் பொகவந்தலாவைக் கல்லறையில் இருக்கு.

லயத்தில் யாரைப் படமெடுத்தாலும், முதல்ல பெயரைக் கேட்டு எழுதிக்குவோம்.