வேலன் தீர்க்காத நோய்

தணிகை என்ற சொல்லிலேயே மருந்தின் மணம் இருக்கிறது. செரு என்றால் போர். போர்ச்சினம் தணிந்த இடம் செருத்தணி. அதுவே திருத்தணி ஆயிற்று என்பர் புராணிகர். ஏனைய முருகன் பதிகளில் கந்தர் சட்டியன்று சூரசங்காரம் நடக்கும். வேல் பாயும், சூரன் தலை விழும், மக்கள் ஆரவாரம் செய்வர். திருத்தணியில் அந்தச் சங்காரம் நடப்பதில்லை. மலர் தூவி வழிபடுவதோடு விழா நிறைவேறுகிறது. சினம் தணிந்த இடத்தில் மீண்டும் போர் எதற்கு என்பது அவர்கள் கூறும் காரணம்.

அழகிய காரணந்தான். ஆனால், 365 படிகளில் ஏறி இறங்கும் எவரும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. போர் முடித்த வீரனின் சினம் தணிந்தது, சரி. அந்தச் சினத்தைத் தணித்த பெண்ணின் நெஞ்சம் என்ன ஆயிற்று? அவள் நோய் எது? அதைத் தீர்த்தவர் யார்? மலைமேல் இருப்பவனுக்கு மணம் முடிந்த கதையை ஆயிரம் நாவுகள் பாடின. மணப்பெண்ணின் மனத்தைக் கேட்டவர் எத்தனை பேர்?

வரலாற்றின் துணையோடு அதைக் கேட்டுப் பார்ப்போம்.

உருமாறி வந்த காதலன்

காஞ்சிக் குமரகோட்டத்துக் கச்சியப்ப சிவாச்சாரியார் பாடிய கந்தபுராணத்தின் இறுதிப் பகுதி வள்ளியின் திருமணம். மேல்பாடிக்கு அருகிலுள்ள வள்ளிமலையை அக்கதையின் களமாகக் காட்டுவர். தினைப்புனம் காக்கும் வேடர் மகள் வள்ளி. அவளைக் காண முருகன் வேடனாக வருகிறான். தந்தை வரக் கண்டதும் வேங்கை மரமாகி நிற்கிறான். பின்னர்க் கிழவனாகி வந்து, பசி என்கிறான், நீர் வேட்கை என்கிறான். எதற்கும் அவள் மனம் இசையவில்லை. உடனே அண்ணனை அழைக்கிறான். அண்ணன் யானையாகி வருகிறான். அஞ்சி நடுங்கிய பெண், அருகிலிருந்த கிழவனைத் தழுவுகிறாள். அதன் பின்னரே மெய்யுருவம் வெளிப்படுகிறது. பிறகு வேடரோடு போர், வீழ்ந்த வேடர் மீண்டும் எழுகின்றனர், மணம் நிகழ்கிறது, மணமக்கள் செருத்தணி சேர்கின்றனர்.

பக்தர்கள் இதை அருள் விளையாட்டு என்பர். விளையாட்டு என்றால் இருவரும் ஆட வேண்டாமா? இங்கே ஒருவன் ஆடுகிறான், ஒருத்தி அஞ்சுகிறாள். வேடன் கேட்டான், மறுத்தாள். கிழவன் கேட்டான், மறுத்தாள். யானை வந்தது, இசைந்தாள். இசைவு என்று இதைச் சொல்வதா, நடுக்கம் என்று சொல்வதா?

இந்த வேடங்களும் வேழமும் பின்னாளைய புராணம் விரித்துரைத்தவை. அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே முருகனையும் வள்ளியையும் தமிழர் அறிந்திருந்தனர். அம்மூவனார் பாடிய நற்றிணைப் பாட்டொன்று, தலைவியின் அழகுக்கு முருகனோடு கூடிச் சென்ற வள்ளியை உவமை காட்டுகிறது. அங்கே மரமும் இல்லை, கிழவனும் இல்லை. விரும்பியவனோடு விரும்பி நடந்த பெண் இருக்கிறாள், அவ்வளவே.

வெறியாடு களம்

நெஞ்சில் பட்ட புண்ணைத் தமிழகம் எப்படி நோக்கியது என்பதைச் சங்க நூல்களின் குறிஞ்சித்திணை தெளிவாகக் காட்டுகிறது. மலைச்சிற்றூர். மகள் உண்ணவில்லை, உறங்கவில்லை. உடல் மெலிகிறது, வளை கழல்கிறது. தாய் பதறுகிறாள். கட்டுவிச்சியை அழைத்துக் குறி கேட்கிறாள். கழங்கு உருட்டிப் பார்க்கின்றனர். "முருகன் அணங்கினான்" என்று தீர்ப்பு வருகிறது. உடனே வேலன் அழைக்கப்படுகிறான். கையில் வேல் ஏந்தி, முருகனே தன்மேல் வந்ததாக ஆடுபவன் அவன். களத்தில் மணல் பரப்புகின்றனர். ஆட்டுக்குட்டியை அறுத்துக் குருதி கலந்த தினையைத் தூவுகின்றனர். நள்ளிரவில் வெறியாட்டு நடக்கிறது.

சற்று எண்ணுங்கள். ஆட்டைத் தேடினர்; தினையைத் தேடினர்; வேலனைத் தேடினர். அருகில் படுத்திருந்த மகளிடம், "உனக்கு என்ன அம்மா?" என்று ஒரு சொல் கேட்டனரா? கேட்கவில்லை. நோய்க்கு மருந்து தேடியவர்கள், நோயுற்றவளிடம் பேச மறந்தனர்.

ஆனால் புலவர்கள் மறக்கவில்லை. ஐங்குறுநூற்றில் கபிலர் இந்தக் களத்தைப் பற்றிப் பத்துப் பாட்டுகள் பாடினார். வெறிப்பத்து என்று அதற்குப் பெயர். குறுந்தொகையில் வேம்பற்றூர்க் கண்ணன் கூத்தனின் தோழி, வேலனை மிகப் பணிவாக ஒரு கேள்வி கேட்கிறாள்: இவளுக்கு நோய் தந்தது மலைநாடனின் மார்பு, நீ இடும் பலியை அந்த மார்பு வந்து உண்ணுமோ? எவ்வளவு மெல்லிய நகை, எவ்வளவு கூரிய வாள்!

நற்றிணையில் பிரமசாரி என்னும் புலவர் பாடிய தோழி, வேலனைக்கூட விட்டுவிடுகிறாள். நேரே முருகனிடமே வழக்காடுகிறாள். இந்த நோய் உன்னால் வந்ததன்று என்று உனக்கே தெரியும். தெரிந்திருந்தும், அழைத்தவுடன் மாலை சூடி வந்து நிற்கிறாயே, நீ கடவுளே ஆனாலும் அறியாமை உடையவன்தான் என்கிறாள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர், ஓர் இளம்பெண்ணின் வாயில் தெய்வத்தை நோக்கி இப்படி ஒரு சொல்! அதைத் தொகைநூலில் சேர்த்துப் போற்றிய சமுதாயமும் இருந்தது. சிந்திக்கச் சொன்னால் இறக்குமதிச் சரக்கு என்பவர்கள், இந்தத் தோழியின் ஊர் எது என்று சொல்லட்டும்.

வெறியைப் பாடியதாலேயே பெயர் பெற்றவர் வெறிபாடிய காமக்கண்ணியார். பெண்பாற் புலவருள் ஒருவராக எண்ணப்படுபவர். அவருடைய அகநானூற்றுப் பாட்டில் கதை முற்றுப்பெறுகிறது. வெறியாட்டு நடந்த அதே இரவில், காவலரை ஏமாற்றி, யானையைத் தேடும் புலிபோல் ஒதுங்கி ஒதுங்கி வந்து சேர்கிறான் காதலன். அவள் உயிர் தளிர்க்கிறது, நோய் பறக்கிறது. மறுநாள் வேலனுக்குப் பெயர். அவளுக்கு அடக்க முடியாத சிரிப்பு. குணப்படுத்தியவன் ஒருவன், கூலி பெற்றவன் மற்றொருவன்!

அறத்தொடு நின்றவள்

ஆயினும், ஒவ்வோர் இரவும் புலிபோல் பதுங்கி வரக் காதலனால் முடியுமா? நிலையான மருந்து வேண்டும். அதற்குத் தமிழ் இலக்கணம் வைத்த பெயர் அறத்தொடு நிற்றல். தலைவி தன் காதலைத் தோழிக்கு உரைக்கிறாள், தோழி செவிலிக்கு, செவிலி நற்றாய்க்கு, நற்றாய் தந்தைக்கும் தமையன்மார்க்கும். உண்மையை உரியவரிடம் எடுத்துச் சொல்லுதல். இதற்கு நம் முன்னோர் "காட்டிக் கொடுத்தல்" என்று பெயரிடவில்லை, "குடிகெடுத்தல்" என்று பெயரிடவில்லை. அறத்தின் பக்கம் நிற்றல் என்றனர். ஒரு பெண்ணின் விருப்பத்தை வெளிப்படச் சொல்வதே அறம் என்று இலக்கணம் வகுத்த இனம் இது!

ஆரிய அரசன் பிரகதத்தனுக்குத் தமிழின் சிறப்பை அறிவிக்கக் கபிலர் பாடியது குறிஞ்சிப்பாட்டு என்பர். 261 அடிகள். போர்ச்சிறப்பையா பாடினார்? கொடைச்சிறப்பையா? இல்லை. தாய் தெய்வங்களை வணங்கியும் பலரை வினவியும் தீராத மகளின் நோய்க்கு, தோழி உண்மைக் காரணம் உரைப்பதே பாட்டின் பொருள். தமிழ் என்றால் என்ன என்று கேட்டவனுக்கு, ஒரு பெண்ணின் மனத்தை மதிப்பதுதான் தமிழ் என்று விடை சொன்னார் புலவர்.

அந்தப் பாட்டிலும் ஒரு யானை வருகிறது. தினைப்புனத்துப் பெண்கள் அஞ்சி நடுங்குகின்றனர். தலைவன் அம்பு எய்து அதை விரட்டுகிறான். புராணத்து யானையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். குறிஞ்சிப்பாட்டில் யானை உண்மை. அச்சத்தைப் போக்கியவன் காதலன். கந்தபுராணத்தில் யானை வேடம். அச்சத்தை வரவழைத்தவனே காதலன். ஒன்று புண்ணை ஆற்றுகிறது. மற்றொன்று, புண்ணை உண்டாக்கிவிட்டு மருந்தும் விற்கிறது.

இடைப்பட்ட காலத்தின் மாற்றத்துக்குப் பரிபாடல் ஒரு மைல்கல். குன்றம்பூதனார் பாடிய ஒன்பதாம் பாடலில் முருகனுக்கு இரு மனைவியர். வானவர் கோன் மகள் ஒருத்தி, குறவர் மகள் ஒருத்தி. நான்மறை வல்லாரை விளித்து, கற்பு மணத்தினும் களவுக் காதலே சிறந்தது என்று வாதிடுகிறார் புலவர். அதாவது, குறமகள் பக்கம் பேச ஒரு வழக்கறிஞர் தேவைப்படும் நிலை அப்போதே வந்துவிட்டது!

மலைமேல் ஒரு நீதி, தரைமேல் ஒரு நீதி

சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வள்ளி திருமணத்தை நாடகமாக்கினார். ஊர் ஊராக, விடிய விடிய அது நடந்தது. அந்த மேடையில் முருகனாகத் தோன்றிப் புகழ் பெற்றவர் சிவகாசியில் 1886இல் பிறந்த விசுவநாததாஸ். தினைப்புனத்துப் பறவைகளை ஓட்டும் காட்சியிலே வெள்ளையரை விரட்டும் பாட்டைப் பாடிச் சிறை சென்ற வீரர். 1940 டிசம்பர் 31 அன்று, சென்னையில், அதே நாடகத்தில், முருகன் வேடத்திலேயே மேடையில் உயிர் நீத்தார். அவர் பிறந்தது முடிதிருத்தும் மருத்துவர் குலம். அதைக் காரணம் காட்டி அவரோடு நடிக்க மறுத்த நடிகையரும் இருந்தனர். மேடையில் முருகன் வேடனாகலாம், கிழவனாகலாம், மரமாகலாம். முருகனாக வந்த மனிதன் மட்டும் தன் சாதியிலிருந்து மாற முடியவில்லை!

வள்ளியின் பெயரோடு சேர்ந்த குறவர் நிலை என்ன? 1871இல் ஆங்கில அரசு குற்றப் பரம்பரைச் சட்டம் இயற்றியது. 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக அது சென்னை மாகாணத்திலும் ஆட்சி செய்தது. குறவர் என்று பெயர் தாங்கிய மக்கள் அதன் பட்டியலில் ஏறினர். எல்லைக்கு அப்பால், ஆந்திரத்தின் பாபட்லா அருகே, எருகுலர் என்னும் அவர்தம் உறவினத்தார் ஸ்டூவர்ட்புரம் குடியிருப்பில் அடைத்து வைக்கப்பட்டனர். சென்னை மாகாணத்தில் 1947இலும், நாடு முழுவதும் 1952இலும் அச்சட்டம் ஒழிந்தது. மலைமேல் குறமகளுக்கு மாலை. தரைமேல் குறமகனுக்குக் காவல்நிலையக் கையெழுத்து. இதுதான் நாம் கொண்டாடிய காதலின் கணக்கு.

இன்றைய வெறிக்களம்

இவையெல்லாம் பழங்கதை என்று எண்ண வேண்டாம். பழைய தென்னார்க்காட்டுப் பகுதியில் பேயோட்டும் சடங்குகளை ஆராய்ந்த இசபெல் நபகோவ் என்னும் மானிடவியல் அறிஞர், 1997இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பேய் பிடித்ததாக அழைத்து வரப்பட்டவர்களுள் மிகுதியானோர் புதுமணப் பெண்கள். பிடித்த பேயோ, பெரும்பாலும் அகால மரணமுற்ற இளைஞன். காதல் கைகூடாமல் தற்கொலை செய்துகொண்டவன். பம்பை முழங்கும்; பேய் தன் பெயர் சொல்லும்; பெண்ணின் முடிக்கற்றையை அறுத்துப் புளியமரத்தில் ஆணி அடிப்பர். காதலனை ஓட்டி, மனைவியைக் கணவனுக்கு மீட்டுத் தருவதே அச்சடங்கின் உட்பொருள் என்று அவர் விளக்கினார்.

அகநானூற்று வெறியாட்டும் இதுவும் எவ்வளவு நெருங்கிய உறவு! ஒரு வேறுபாடுதான். அன்று பக்கத்தில் ஒரு தோழி நின்றாள். "நோய் இதுவன்று" என்றாள். இன்று அந்தத் தோழி எங்கே? மணம் பேசும்போது பெண்ணைக் கேட்கவில்லை, மனம் உடைந்தபோதும் பெண்ணைக் கேட்கவில்லை, பேயைக் கேட்கின்றனர், "நீ யார், உனக்கு என்ன வேண்டும்?" என்று. வாயிருந்தும் பேச முடியாத பெண், பேயாக உருமாறினால்தான் அவள் சொல் சபை ஏறுகிறது. புராணத்தில் ஆண் உருமாறினான், பெண்ணைப் பெற. வாழ்க்கையில் பெண் உருமாறுகிறாள், ஒரு வாய்ச்சொல் பெற!

மருந்து இல்லாமல் இல்லை. புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணம் 1967ஆம் ஆண்டுத் திருத்தத்தால் இந்து திருமணச் சட்டத்தில் இடம்பெற்றது. உற்றார் நண்பர் முன்னிலையில் இருவர் ஒருவரையொருவர் ஏற்பதாகக் கூறினால் போதும் என்றது அது. வயது வந்த இருவர் மனமொத்து மணந்தால், குடும்பத்தின் இசைவோ சாதியின் இசைவோ தேவையில்லை என்று 2018 மார்ச் 27 அன்று உச்சநீதிமன்றம் சக்தி வாகினி வழக்கில் தீர்ப்பளித்தது. கபிலர் 261 அடியில் சொன்னதைச் சட்டம் இரண்டு வரியில் சொல்லிவிட்டது. சட்டம் தாளில் இருக்கிறது; தாயின் நெஞ்சிலும் தமையனின் கையிலும் அது இறங்க வேண்டாமா?

திருத்தணியை எடுத்துக்கொள்ளுங்கள். மொழிவழிப் பிரிவினையின்போது ஆந்திரத்தோடு போன ஊர், போராட்டத்தின் பயனாக 1960 ஏப்ரல் 1 அன்று தமிழகத்தோடு இணைந்தது. நிலத்தின் எல்லைக் கோட்டை மாற்ற முடியும் என்று கண்டோம். ஒரு பெண்ணைச் சுற்றிப் பிறப்பால் கிழித்த கோட்டை மட்டும் மாற்ற முடியாதா? முடியும். அதற்கு வேலும் வேண்டாம், வேழமும் வேண்டாம், வேடமும் வேண்டாம்.

மகளின் முகம் வாடியிருக்கிறதா? ஆட்டைத் தேடாதீர்கள், ஆணியைத் தேடாதீர்கள். அருகில் அமர்ந்து கேளுங்கள். அவள் சொல்வது உங்கள் சாதிக்குக் கசக்கலாம், சுற்றத்துக்குக் கசக்கலாம். கசந்தாலும் மருந்து அதுவே. தோழியாய் இருப்பவர் வாய் திறக்கட்டும். ஆசிரியராய் இருப்பவர் துணை நிற்கட்டும். அண்ணனாய் இருப்பவன் யானையாய் வராமல், மனிதனாய் வரட்டும்.

தணிகைக்குத் தணிகை என்ற பெயர் பொருந்துவது அன்றுதான்.