ஏழாண்டுக்கு ஒருமுறை வந்த கேமரா

1964 மே மாதம் பிரிட்டனின் கிரனாடா தொலைக்காட்சியில் ‘செவன் அப்’ என்ற ஆவணப்படம் ஒளியேறியது. ஏழு வயதுப் பிள்ளைகள் பதினால்வர் அதில் பேசினார்கள். சிலர் கட்டணம் வாங்கும் பெரிய பள்ளிகளில் படித்தவர்கள். சிலர் கிழக்கு லண்டன் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். இருவர் சிறுவர் இல்லத்தில் இருந்தவர்கள். 2000ஆம் ஆண்டில் யார் முதலாளி, யார் தொழிலாளி என்பது இப்போதே தெரிந்துவிடும் என்று காட்டுவதே படத்தின் நோக்கம். பிறந்த வீடுதான் தலையெழுத்து என்ற வாதம் அது.

ஒரே நிகழ்ச்சியோடு முடிந்திருக்க வேண்டியது. அதற்குப் பிள்ளைகளைத் தேடிப் பிடித்தவர்களில் ஒருவரான மைக்கல் ஆப்டெட், 1970இல் அவர்களை மீண்டும் சந்தித்தார். பிறகு 2019 வரை ஏழாண்டுக்கு ஒருமுறை கேமராவுடன் போய் நின்றார்.

பெரிய பள்ளிப் பிள்ளைகள் பலர் சொல்லி வைத்தாற்போல் பெரிய பல்கலைக்கழகங்களுக்கே போனார்கள். ஆனால் கணிப்பு தவறிய இடத்தில்தான் படம் சுவைக்கிறது. குதிரைப் பந்தய ஜாக்கியாக ஆசைப்பட்ட கிழக்கு லண்டன் சிறுவன் இளைஞனானதும், இவன் குற்றவாளியாகிவிடுவான் என்று ஆப்டெட் எண்ணினார். குற்றங்களுக்குப் பேர்போன இடங்களுக்கு அவரை அழைத்துப்போய், பின்னால் உதவும் என்று படமும் எடுத்து வைத்தார். அந்த இளைஞரோ டாக்சி ஓட்டிக் குடும்பத்தைக் காப்பாற்றினார். தவறை ஆப்டெட் பிற்பாடு ஒப்புக்கொண்டார்.

ஏழு வயதில் அந்தப் பிள்ளைகளிடம் யார் சம்மதம் கேட்டார்கள்? 1984 பகுதியில் தாட்சர் அரசைக் குறைகூறிய ஆசிரியர் ஒருவரைப் பத்திரிகைகள் பிடித்து உலுக்கின. அவர் விலகிக்கொண்டார்; 2012இல்தான் திரும்பி வந்தார்.

பதினால்வரில் பெண்கள் நால்வர் மட்டுமே. அவர்களிடம் கல்யாணப் பேச்சையே அதிகம் கேட்டதற்காக, ஒரு பெண்மணி கேமரா முன்னிலையிலேயே ஆப்டெட்டுக்குக் கொடுத்தார் ஒரு பிடி! நியாயமான கோபம்தான். அதை வெட்டாமல் ஒளியேற்றியது அவருடைய நேர்மை. இன்னும் சில பெண்களைச் சேர்த்திருக்கலாம் என்று அவரே வருந்தியதுண்டு.

அந்த நால்வரில் பள்ளி நூலகராகப் பணியாற்றியவர் 2013இல் காலமானார். 2019 பகுதியில் அவருடைய குடும்பத்தினர் அவரைப் பற்றிப் பேசினார்கள். ஆப்டெட் எடுத்த கடைசிப் பகுதி அதுதான். 2021 ஜனவரியில், 79 வயதில், அவரும் மறைந்தார்.