கருவி கத்தியது, குண்டு அங்கே இல்லை

1/ ராயபுரம் பக்கம் பனியன் கம்பெனில இருக்கவங்களுக்கு 'நீடில் டிடெக்டர்' தெரியும். துணியில உடைஞ்ச ஊசி இருந்தா கத்தும். இதோட முன்னோடிக் கருவி 1881-ல ஒரு நோயாளி மேல ஓடுச்சு.

2/ அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்ட். ஜூலை 2, வாஷிங்டன் ரயில் நிலையத்தில் முதுகில் சுடப்பட்டார். எக்ஸ்ரே வர இன்னும் 14 வருஷம். டாக்டர்கள் கழுவாத விரலைக் காயத்துக்குள் விட்டுக் குண்டைத் தேடினார்கள்.

3/ டெலிபோன் புகழ் கிரகாம் பெல் ஒரு கருவி கொண்டுவந்தார். பக்கத்தில் உலோகம் இருந்தால் ரிசீவரில் சத்தம் கேட்கும். முதலில், உடம்பில் குண்டோடு வாழ்ந்த பழைய சிப்பாய்களிடம் சோதித்துக் காதைப் பழக்கினார்.

4/ ஆகஸ்ட் 1. சத்தம் வந்தது, ஆனா ஒரு புள்ளியில் இல்லை, பரவலாக. தலைமை டாக்டர் பிளிஸ் 'குண்டு வலப்பக்கம்தான்' என்று முன்பே முடிவு செய்து, அங்கே மட்டும்தான் தேடவிட்டார். சத்தத்தையும் அதற்கே சாட்சியாக்கினார். மெத்தையில் இரும்புக் கம்பி இருந்தது பிறகுதான் பெல்லுக்குத் தெரிந்தது.

5/ செப்டம்பர் 19, கார்ஃபீல்ட் இறந்தார். பிரேதப் பரிசோதனையில் குண்டு இடப்பக்கம். காயத்தில் நீளமாகச் சீழ்.

6/ டிடெக்டர் 'இரும்பு இருக்கு'ன்னுதான் சொல்லும். ஊசியா, ஜிப்பான்னு மனுஷன்தான் பாக்கணும். ஸ்கேன் ரிப்போர்ட்டும் அப்படித்தான். 'ஏதோ தெரியுது'ன்னு வந்தா, வேற எதனால அப்படித் தெரியலாம்னு டாக்டரைக் கேளுங்க.