புரியும் ஒளியும்

சங்கு குளித்தலை அறிந்த நயினாதீவு மக்களுக்கு வலம்புரி, இடம்புரி என்னும் பாகுபாட்டை எவரும் விளக்க வேண்டுவதில்லை. அரிதிற் கிடைக்கும் நம் வலம்புரியை மேனாட்டு உயிர்நூலார் இடச்சுருள் என்பர். இது முரண்பாடன்று. அவர் சங்கின் சுருள்முனையை மேலாகப் பிடித்து வாய் எப்பக்கம் தோன்றுகின்றதென நோக்குவர். நாம் அம்முனையைக் கீழாகப் பிடிப்போம். பெயர் பிடிக்கும் முறையைப் பொறுத்தது. சங்கின் புரியோ எவ்வாறு திருப்பினும் மாறாது.

இவ்வேறுபாட்டை ஒளியும் உணரும். ஒரு தளத்தில் அதிரும் ஒளி சர்க்கரைக் கரைசலூடு செல்லும்போது அத்தளம் திரும்புகின்றதென்பதைப் பிரான்சிய அறிஞர் பியோ 1815 இல் கண்டார். 1848 இல் பாஸ்டர், ஓர் உப்பின் பளிங்குகளுள் வலக்கையும் இடக்கையும் போன்ற இருவகை உளவெனக் கண்டு, அவற்றைக் கையாலே பிரித்தெடுத்தார். நம் பாடநூல்கள் பெரும்பாலும் இவ்வளவில் நின்றுவிடுகின்றன.

அடுத்த படி, நம் கடற் சங்குகள் வளையலாக அறுபடுவதற்குச் சென்ற வங்கநாட்டில் நிகழ்ந்தது. கல்கத்தாப் பிரசிடென்சிக் கல்லூரிப் பேராசிரியர் ஜகதீஸ் சந்திர போஸ், கண்ணுக்குப் புலனாகும் ஒளியினும் மிக நீண்ட மின்னலைகளை ஆராய்ந்து வந்தார். சர்க்கரையின் மூலக்கூற்றைக் கையில் எடுத்து முறுக்க எவராலும் இயலாது. ஆயின், அலை நீண்டதாயின் அதற்கேற்ற பெரிய 'மூலக்கூற்றை' நாமே சமைக்கலாமன்றோ? போஸ் சணல்நாரை எடுத்துச் சிலவற்றை வலமாகவும் சிலவற்றை இடமாகவும் முறுக்கி, அலைகளின் வழியில் வைத்தார். ஒருவகை அலையின் தளத்தை ஒருபுறமும், மற்றையது எதிர்ப்புறமும் திருப்பின. இருவகையையும் சமமாகக் கலந்தபோது திருப்பம் இல்லையாயிற்று. இவ்வாய்வு 1898 இல் இலண்டன் ரோயல் சங்கத்தின் ஏட்டில் வெளியாயிற்று. சணலுக்கு வலமுமில்லை, இடமுமில்லை. முறுக்கே அதனைத் தந்தது. பொருளன்று, அடுக்குமுறையே காரணம் என்பதைக் கையாற் செய்து காட்டிய இவ்வரிய சோதனையை நம் மாணவர் அறியாதிருத்தல் பெருங்குறையென்றே கருதுகின்றேன். கயிறு திரிக்கும் ஊரிற் பிறந்த பிள்ளைக்கு இதனினும் எளிய பாடம் வேறுண்டோ?

கண்ணுக்குப் புலனாகும் ஒளிக்கு இதனைச் செய்வதாயின் முறுக்கும் மிக நுண்ணியதாதல் வேண்டும். அதற்கு வாய்த்த பொருள் தங்கம். நீரில் மிதக்கும் நுண்ணிய தங்கத்துகள்கள் மாணிக்கச் சிவப்பாய்த் தோன்றுவதைப் பரடே 1857 இல் ஆராய்ந்தார். துகளிலுள்ள இலத்திரன்கள் ஒளியோடு ஒருங்கே ஊசலாடுவதால் அந்நிறம் பிறக்கின்றது. துகள்கள் அணித்தாய் நின்றால் ஒன்றன் ஊசல் மற்றொன்றைப் பற்றும். அவை சுருளாய் நின்றால் வலமாகச் சுழலும் ஒளியையும் இடமாகச் சுழலும் ஒளியையும் ஒவ்வா அளவில் உறிஞ்சும்.

திருவனந்தபுரத்தில் ஜினோ ஜோர்ஜ், ஜோர்ஜ் தோமஸ் என்போர், ஓர் அமினோ அமிலத்தின் வல, இட வடிவங்களாற் சமைந்த நுண்குழாய்களின்மேல் தங்கத்துகள்களைப் படிவித்து, ஒன்றற்கொன்று ஆடிப்பிம்பம் போன்ற உறிஞ்சல் வேறுபாட்டை 2010 இல் காட்டினர். 2012 இல் மியூனிக் நகர ஆய்வாளர், மரபணுப் பொருளாகிய டீ.என்.ஏ. இழைகளை மடித்துச் செய்த தண்டொன்றைச் சுற்றி, ஒவ்வொன்றும் 10 நனோமீற்றர் அளவான ஒன்பது தங்கத்துகள்களை நிறுத்தினர். நனோமீற்றராவது மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. வலச்சுருளையும் இடச்சுருளையும் அவர்கள் தனித்தனியே சமைத்தனர். ஒளியும் அவற்றை வேறுவேறாகவே உணர்ந்தது.