தரங்கம்பாடி கிங் ஸ்ட்ரீட்

மயிலாடுதுறை மாவட்டக் கடற்கரை ஊரான தரங்கம்பாடியின் பழைய நகரப் பகுதியில் உள்ள முதன்மைத் தெரு. தஞ்சை இரகுநாத நாயக்கருடன் 1620இல் செய்த ஒப்பந்தத்தின் பேரில் டேனியர் இங்கே வணிகத்தளம் அமைத்து, டேன்ஸ்பர்க் கோட்டையைக் கட்டினர். 1792ஆம் ஆண்டைச் சேர்ந்த நகர வாயிலில் தொடங்கும் தெரு, கடலோரக் கோட்டைத் திடலை நோக்கிச் செல்கிறது. வழியில் சீயோன் தேவாலயமும் (1701), புதிய எருசலேம் தேவாலயமும் (1718) உள்ளன. பின்னதன் முகப்பில் டென்மார்க்கின் நான்காம் பிரெடரிக் மன்னரின் முத்திரை. உள்ளே, தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சேற்றிய சீகன்பால்குவின் கல்லறை. வீடுகளின் தூண் வரிசை ஐரோப்பியப் பாணி. செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் உள்ளூர்க் கொத்தனாரின் கைவேலை. கண்ணை நிறுத்துவது இந்தக் கலப்புதான். 1845இல் ஊர் ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டது. வணிகம் நாகப்பட்டினத்துக்கு நகர, இடித்துக் கட்ட ஆளில்லாமல் தெரு பெரும்பாலும் பழைய அமைப்பிலேயே நின்றது.