தீயிலிருந்து மூலக்கூறுக்கு: விதையுறக்கம் பற்றிய அறிவின் வரலாறு

நீர், காற்று, தகுந்த வெப்பம் ஆகியன கிடைத்தும் உயிருள்ள விதை முளைக்காதிருக்கும் நிலையே விதையுறக்கம் எனப்படும். தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதிப் புதர்க்காடுகளில் இவ்வுறக்கத்தைக் கலைப்பது எது என்னும் வினாவிற்கு நெடுங்காலம் வழங்கிய விடை 'தீ' என்பதாகும். அவ்விடை பிழையன்று; ஆயின் பல காரணிகளை ஒரே சொல்லுள் அடக்கியிருந்தது. அக்காரணிகள் ஒவ்வொன்றாகப் பிரித்தறியப்பட்ட முறையை இக்கட்டுரை ஆராய்கிறது.

'ஃபைன்போஸ்' எனப்படும் இப்புதர்க்காடுகள் எரிந்தபின் வரும் மழைக்காலத்தில் நாற்றுகள் மிகுதியாகத் தோன்றுகின்றன. எனினும், 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தீயைத் தடுப்பதே பாதுகாப்பு என்னும் கருத்து மேலோங்கியிருந்தது. திட்டமிட்டு எரிக்கும் முறை பின்னரே ஏற்கப்பட்டது. எரிப்பின் பயன் தெரிந்த அளவிற்கு அதன் செயல்முறை தெரியவில்லை. வெப்பமே காரணம் என்பதற்குச் சான்று இருந்தது: பயறுக் குடும்பத்தைச் சார்ந்த பல விதைகளின் நீர்புகா உறை, வெப்பத்தால் விரிசலுற்று நீரை ஏற்கிறது. ஆனால் நீரைத் தடையின்றி உறிஞ்சும் விதைகள் பலவும் தீக்குப் பின்னரே முளைத்தன. அவற்றிற்கு இவ்விளக்கம் பொருந்தவில்லை.

1990இல் டி லாங், பூஷர் ஆகிய இருவரும் அருகிவரும் 'ஆடோயினியா கேப்பிடேட்டா' என்னும் புதர்ச்செடியை ஆய்ந்து, தாவரப் புகையே அதன் முளைப்பைத் தூண்டுகிறது என வெளியிட்டனர். வெப்பமும் புகையும் அதுவரை ஒன்றாகவே நோக்கப்பட்டிருந்தன. இவ்வாய்வு அவற்றைப் பிரித்தது. பின்னர் கிர்ஸ்டன்போஷ் தாவரவியல் பூங்காவில் வேறு பல இனங்களிலும் புகை சோதிக்கப்பட்டது. புகை கரைந்த நீரில் தோய்த்து உலர்த்திய தாள் தோட்டக்காரர்களின் பயன்பாட்டிற்கும் வந்தது.

2004இல் மேற்கு ஆஸ்திரேலியாவில் ஃபிளமாட்டி குழுவினர், புகையிலுள்ள பியூட்டெனோலைடு சேர்மம் ஒன்றை இனங்கண்டு, அதைச் செயற்கையாகத் தொகுத்தும் உறுதிசெய்தனர். இவ்வகைச் சேர்மங்கள், அந்நிலத்தின் நூங்கர் மக்கள் புகையைக் குறிக்கும் சொல்லின் அடிப்படையில் 'கேரிக்கின்' எனப் பெயர் பெற்றன. தேடல் இத்துடன் முடியவில்லை. புகைக்கு முளைக்கும் கங்காருப்பாதச் செடியின் விதைகள் கேரிக்கினுக்கு இசையவில்லை; புகையிலுள்ள கிளிசரோநைட்ரைல் வெளியிடும் சயனைடே அவற்றைத் தூண்டுவதாக 2011இல் அறியப்பட்டது. 'தீ' என்பதைப் போலவே 'புகை' என்பதும் தொகுப்புச் சொல்லே எனத் தெளிவாயிற்று.

இவ்வரலாறு காட்டழிவை மீட்கும் பணிக்கு நேரடியாகப் பொருந்தும். வெப்பம் வேண்டும் விதைக்குப் புகைநீரும், புகை வேண்டும் விதைக்கு வெந்நீரும் பயன்தரா. முளைக்காத விதையை உயிரற்றதெனக் கழித்தால், அருகிவரும் இனமொன்றின் எஞ்சிய விதைகளையே இழக்க நேரும். ஆகவே, ஒரு காரணி கண்டறியப்பட்டதும் ஆய்வை நிறுத்தாமல், அக்காரணி எந்த இனத்திற்கு எவ்வழியில் செயல்படுகிறது எனத் தனித்தனியே வினவுவதே இத்துறை கற்பிக்கும் ஆய்வுநெறி எனலாம்.