எழுப்பும் பேட்டரியும் இழுக்கும் பேட்டரியும்: அவுட்போர்டு படகின் வரலாற்றில் ஒரு குழப்பம்

மின்சாரத்தால் ஓடும் படகு நம் காலத்தின் புதுமை என்றே பொதுவாக எழுதப்படுகிறது. பெட்ரோல் முன்னது, பேட்டரி பின்னது என்னும் இவ்வரிசை வரலாற்றுக்கு நேர்மாறானது. படகின் பின்புறத்தில் மாட்டிக் கழற்றக்கூடிய அவுட்போர்டு மோட்டார் பிறந்ததே பேட்டரியுடன்தான். 1881 மே மாதத்தில் பாரிஸின் சேன் ஆற்றில் கஸ்தாவ் துரூவே ஒரு சிறு படகை ஓட்டிக் காட்டினார். சுமார் 5 கிலோ எடையுள்ள மின்மோட்டாரும் உந்துவிசிறியும் சுக்கானோடு பிணைக்கப்பட்டிருந்தன. வேலை முடிந்ததும் அவை அனைத்தையும் கழற்றிக் கையில் எடுத்துச் செல்லலாம். படகில் மூவர் அமர முடிந்தது.

மோட்டார் இலகுவாக இருந்தது. சிக்கல் பேட்டரியில் இருந்தது. துரூவே பயன்படுத்திய பைகுரோமேட் மின்கலங்களில் துத்தநாகத் தகடுகள் கரைந்தே மின்சாரம் பிறந்தது. கரைந்த தகட்டை மீட்க வழியில்லை, மாற்றத்தான் வேண்டும். 1838இல் ரஷ்யாவின் நேவா ஆற்றில் யாக்கோபி ஓட்டிய மின்படகையும் இதே செலவுதான் முடக்கியது. மீண்டும் மின்னேற்றக்கூடிய ஈய-அமில பேட்டரியைப் பிளான்டே 1859இலேயே அமைத்திருந்தார். ஆயினும் ஈயப்பசை பூசிய தகடுகளால் ஃபோர் அதைத் தொழிற்சாலைப் பண்டமாக்கியது, துரூவே படகோட்டிய அதே 1881இல்தான். அதன் பயன் விரைவில் தெரிந்தது. 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியின் நீர்வழிகளில் ஐம்பதுக்கும் மேற்பட்ட மின்படகுகள் 10 லட்சத்துக்கும் அதிகமானோரை ஏற்றிச் சென்றன.

1909இல் ஓலே எவின்ரூட் பெட்ரோல் அவுட்போர்டை வணிகப் பொருளாக்கிய பின் நிலை மாறியது. ஒரு கிலோ பெட்ரோலில் அடங்கிய ஆற்றலோடு ஒரு கிலோ ஈயம் போட்டியிட இயலவில்லை. பின்னாளில் பெரிய பெட்ரோல் எந்திரங்களில் மின்தொடக்கி சேர்ந்தபோது பேட்டரி படகுக்குத் திரும்பி வந்தது. ஆனால் இம்முறை அதன் பணி படகை இழுப்பதன்று, எந்திரத்தை எழுப்புவது மட்டுமே. வரலாற்றாசிரியர்கள் அதிகம் கண்டுகொள்ளாத இந்தப் பதவியிறக்கம் ஒரு நடைமுறைக் குழப்பத்தை விட்டுச்சென்றது. 'படகு பேட்டரி' என்ற ஒரே பெயரால் இருவேறு பண்டங்கள் வழங்கலாயின.

எழுப்பும் பேட்டரியில் மெல்லிய தகடுகள் பல உண்டு. சில நொடிகளில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ச்சிவிட்டு, உடனே எந்திரத்தாலேயே மின்னேற்றம் பெறும். இழுக்கும் பேட்டரியில் தடித்த தகடுகள் சில. மணிக்கணக்கில் வடிந்து மறுபடி நிரம்புவது அதன் இயல்பு. முன்னதைக் கொண்டு படகை ஓட்டினால் ஆழமான வடிதலைத் தாங்காமல் சில மாதங்களிலேயே அது பயனற்றுப்போகும்.

இவ்வேறுபாட்டின் பொருளை ஹைதராபாத்தின் பேகம்பேட்டில் நின்று பார்க்கலாம். 2000 ஆகஸ்ட் 24 அன்று அங்குள்ள வானிலை நிலையத்தில் ஒரே நாளில் சுமார் 24 செ.மீ. மழை பதிவாயிற்று. குக்கட்பள்ளி நாலா பேகம்பேட் வழியாகவே உசேன் சாகரில் கலக்கிறது. இத்தகைய ஊரில் மீட்புப் படகு ஆண்டின் பெரும்பகுதி கொட்டகையில் கிடந்து, ஒரு நாள் மட்டும் உடனே கிளம்ப வேண்டும். சும்மா கிடக்கும் ஈய-அமில பேட்டரி தானாகவே மெல்ல வடியும். வடிந்த நிலையில் விட்டால் தகடுகளில் ஈய சல்பேட் கெட்டிப்படும். மூடி திறந்து ஊற்றும் வகையாயின் வாலைவடிநீரும் குறையும். 12 வோல்ட் பேட்டரி ஓய்வில் 12.7 வோல்ட் காட்டினால் நிறைவு, 12.2க்கு இறங்கினால் ஏறக்குறையப் பாதி. மாதம் ஒருமுறை அளந்து மின்னேற்றும் அலுப்பூட்டும் வேலையில்தான் கூரைமேல் காத்திருப்பவரின் உயிர் தங்கியிருக்கிறது. சிறு எந்திரமாயின் கயிற்றை இழுத்தும் கிளப்பலாம் என்பது ஓர் ஆறுதல்.

அதே பேகம்பேட்டை அடுத்த உசேன் சாகரில் ஒரு சிறு படகைப் பேட்டரியாலேயே ஓட்டுவதென்றால் கணக்கு வேறு. வேகமாக வடித்தால் ஈய-அமில பேட்டரியின் கொள்திறன் சுருங்கும் என்பதைப் பாய்க்கர்ட் 1897இல் விதியாக வகுத்தார். (அதே ஆண்டு ஆகஸ்டில்தான் ரொனால்டு ராஸ் பேகம்பேட்டில் கொசுவின் வயிற்றுக்குள் மலேரியாக் கிருமியைக் கண்டார்.) 100 ஆம்பியர் மணி என்ற முத்திரை வழக்கமாக 20 மணிநேர வடிதலுக்கு உரியது. மோட்டார் 50 ஆம்பியர் இழுத்தால் கிடைப்பது 60 அளவே. ஆயுளைக் காக்கப் பாதியோடு நிறுத்தினால் ஓட்டம் அரைமணியைச் சற்றே தாண்டும். இத்தனைக்கும் அதன் எடை 25 முதல் 30 கிலோ. இதே அளவுள்ள லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஏறக்குறைய அதில் பாதி எடையில், எண்பது விழுக்காட்டை வடித்தாலும் கெடாமல், ஒன்றரை மணிநேரம் ஓட்டும். ஆனால் மின்கலங்களின் சமநிலையையும் வெப்பத்தையும் கண்காணிக்கும் மின்னணுக் காவலன் அதற்கு இன்றியமையாதது. தக்காணத்து மே மாத வெயிலில் மூடிய பெட்டிக்குள் எந்த வகைப் பேட்டரியும் விரைவில் மூப்படையும். முதல் விலையை மட்டும் பார்த்து வாங்குவோர் இதைக் கணக்கில் கொள்வதில்லை.

இழுக்கும் பேட்டரி இந்தியாவில் நிலைபெற்றதற்குச் சான்று வைக்கம். தமிழர்க்குப் பெரியாரால் அறிமுகமான அவ்வூரிலிருந்து வேம்பநாட்டுக் காயலைக் கடந்து தவணக்கடவுக்கு 2017 ஜனவரி முதல் 'ஆதித்யா' ஓடுகிறது. அது அவுட்போர்டு படகன்று, மோட்டார்கள் உடலுக்குள்ளேயே உள்ளன. 75 பயணிகள், 20 கிலோவாட் மோட்டார்கள் இரண்டு, 50 கிலோவாட் மணி லித்தியம் பேட்டரி, மேற்கூரையில் சூரியத் தகடுகள். 2020இல் அது மின்படகுகளுக்கான துரூவே பெயரிலமைந்த விருதையும் பெற்றது. அதன் வெற்றிக்கு வழித்தடமே முதற்காரணம் எனத் தோன்றுகிறது. கடவு ஒன்றுக்குக் கால்மணி நேரம், மாறாத தூரம், அலையற்ற நீர், இருபுறமும் துறை. பேட்டரி எவ்வளவு வடியும் என்பதைப் புறப்படும் முன்பே சொல்லிவிடலாம்.

சோழமண்டலக் கரையின் கண்ணாடியிழைப் படகுக்கு இவ்வசதி இல்லை. 10 குதிரைத்திறன் அவுட்போர்டு ஏறக்குறைய 7.5 கிலோவாட். முழுத்திறனில் ஐந்து மணிநேரம் ஓடினால் 37 கிலோவாட் மணிக்கு மேல் வேண்டும், அதாவது ஆதித்யாவின் பேட்டரியில் முக்கால் பங்கு. ஈயத்தில் அது ஒரு டன்னைத் தாண்டும், லித்தியத்திலும் முந்நூறு கிலோவுக்குக் குறையாது. வலையும் மீனும் ஏற வேண்டிய இடத்தை அதுவே பிடித்துக்கொள்ளும். காற்று எதிர்த்தால் கரை சேரும் நேரத்தையும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.